திரும்பிப் பார்க்காதவன் கேட்ட சட்டை

என் தம்பியைப் பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. வேறு யாராவது சொன்னால் கையில் இருக்கும் இடுக்கியாலேயே ஒன்று போடுவேன். எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப்பான கோன்கோர்டியாவின் மைதானத்தில் வருஷக்கணக்காக சாசேஜ் சுடுகிறவள் நான். பேர் எல்கே. வடக்குக் கேலரியின் மூலையில், கம்பிவேலியை ஒட்டினாற்போல என் கடை. மற்றவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்ததை நான் புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அதனால் நடந்ததைச் சொல்ல ரவ்ஸ்பெக் ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இருந்தால் வந்து சொல்லட்டும்.

தம்பி பேர் ஹைகோ ஸ்கோருப்பா. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார், சுரங்கத்தை மூடினார்கள், பிறகு வீட்டில் இருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் திடலில் புல் கிடையாது. உலைச் சாம்பலைக் கொட்டி அமுக்கிய சிவப்புத் தரை. விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். சாம்பல் துகள் உள்ளே போய்க் கறுப்புப் புள்ளியாக உறைந்துவிடும், சாகும்வரை போகாது. ஹைகோ ஆறு வயதில் அங்கே ஓட ஆரம்பித்தான். பந்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டானோ தெரியாது. விழக் கூடாது என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டான்.

அதுவே அவனுக்கு வினையாகவும் வந்தது. பத்தொன்பது வயதில் தெற்கே ஒரு பெரிய கிளப் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. தெருவே திரண்டு வந்து ரயில் ஏற்றிவிட்டது. ஒன்றரை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒருநாள் கடைசி நிமிஷங்களில் இறக்கிவிட்டார்கள். கார்னர் பந்துக்கு முன்னால் போனான், எதிராளி ஒருவன் பக்கத்தில் உரசினான், விழுந்திருந்தால் பெனால்ட்டி. இவன் விழவில்லை. பந்தும் போயிற்று, மேட்சும் போயிற்று.

"ஏன்டா விழல?" என்று கோச் கத்தியிருக்கிறார்.

"நான் ஏன் விழணும்? அவன் என்னைத் தள்ளவே இல்லையே."

"மன்னிப்புக் கேளு."

"எதுக்கு? நின்னதுக்கா?"

இந்த வாய்க்கொழுப்புக்கு அப்புறம் எந்தக் கோச் சேர்த்துக்கொள்வார்? பெட்டியோடு திரும்பி வந்தான். வந்த மறுநாளே கோன்கோர்டியாவில் நாலாம் நம்பர் சட்டையை மாட்டிக்கொண்டான். மூன்றாம் பிரிவு, நாலாம் பிரிவு என்று கிளப் ஏறியது, இறங்கியது. அவன் அங்கேயே நின்றான். கேப்டன் பட்டையை அவன் கையில் கட்டிவிட்டதோடு சரி, வேறு யாருக்கும் கட்டுகிற யோசனை ஊருக்கு வரவே இல்லை.

எங்கள் மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் அறிவிப்பாளர் மன்னி ஆட்டக்காரனின் முதல் பெயரை மட்டும்தான் சொல்வார். குடும்பப் பெயரைக் கேலரி கத்த வேண்டும். அதுதான் முறை. "நம்பர் நாலு! ஹைகோ...!" என்பார் மன்னி. "ஸ்கோருப்பா!" என்று வடக்குக் கேலரி முழுக்க ஒரே தொண்டையாகக் கத்தும். எங்கள் அப்பா பேரை, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன் பேரை, ஆயிரக்கணக்கான பேர் கத்துவதைக் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சாசேஜ் கருகுவது கூடத் தெரியாது.

அந்தக் கத்தலைத் தொடங்கி வைக்கிறவன் என் மகன் பாஸ்கல். அவன் அப்பன் பேர் சொல்லிக்கொள்ளும்படி இல்லாததால் அவனும் ஸ்கோருப்பாதான். மெகாபோனும் கையுமாக வேலிமேல் ஒரு சின்னப் பலகையில் ஏறி நிற்பான். பாட்டை எடுத்துக் கொடுப்பது, கைதட்ட வைப்பது, சோர்ந்தவனைத் திட்டி எழுப்புவது எல்லாம் அவன் வேலை. இதில் ஒரு விசேஷம் உண்டு. கூட்டத்தைப் பார்த்து நின்றால்தானே பாட வைக்க முடியும்? அதனால் மைதானத்துக்கு முதுகு. தொண்ணூறு நிமிஷமும் முதுகு. கோல் விழுந்தால் கூட, எதிரே இருக்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரியும்.

"கோன்கோர்டியாவுக்காக உயிரையே விடுவேன்ங்கற. ஒரு மேட்சாவது பாத்திருக்கியாடா?" என்று கேட்டிருக்கிறேன்.

"அது தியாகம்மா. உனக்குப் புரியாது" என்பான்.

நான் சொல்ல வந்த வருஷம், மே மாதம், சீசனின் கடைசி மேட்ச். டிரா செய்தால் நாலாம் பிரிவில் தங்கலாம், தோற்றால் கீழே. ஹைகோவுக்கு வயது முப்பத்தாறு. இதோடு போதும் என்று முன்பே சொல்லியிருந்தான். சிநேகிதனோடு சேர்ந்து பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போவதாக ஏற்பாடு.

இரண்டாம் பாதியில், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, ஹைகோ பந்தைத் தலையால் முட்ட எழும்பி, எதிராளியோடு மோதி, இடது தோள்மேல் விழுந்தான். நான் பார்த்தேன். அவன் கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மருத்துவர் ஓடிவந்து, ஏதோ இழுத்துத் திருகி, "வெளியே வா" என்று சைகை காட்டினார். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே இறங்கியாயிற்று. இவன் போனால் பத்துப் பேர். கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரும்பவும் போய் நின்றான், கல்லுளிமங்கன். அப்படியே கடைசிவரை ஆடினான். எங்கள் வலைக்குள் மேலும் இரண்டு கோல் விழுந்தது.

விசில் ஊதினார்கள். பிறகு பாஸ்கலின் மெகாபோன் ஆரம்பித்தது.

"சட்டையைக் கழட்டு! சட்டையைக் கழட்டு!"

மற்ற ஊர்களில் இப்படி நடப்பதை டெலிவிஷனில் பார்த்திருக்கிறோம். கேவலமாகத் தோற்றவர்களைக் கேலரி வேலிக்குக் கூப்பிடும். இந்தச் சட்டையைப் போட உங்களுக்கு யோக்கியதை இல்லை, கழட்டி வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லும். எங்கள் ஊரில் நடந்ததில்லை. அன்று நடந்தது. பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். கோல்கீப்பர் முதலில் கழட்டினான். இருபது வயதுப் பிள்ளைகள் அழுதுகொண்டே கழட்டிப் புல்லில் வைத்தார்கள். வெற்று முதுகோடு திரும்பி நடந்தார்கள்.

ஹைகோ மட்டும் நின்றான்.

"ஏய், நாலாம் நம்பர்! உனக்குத் தனியா சொல்லணுமா?" என்றான் ஒருத்தன். பீர்க் கோப்பை ஒன்று பறந்து வந்து ஹைகோவின் காலடியில் விழுந்தது.

பாஸ்கல் வேலியிலிருந்து குதித்து இறங்கி, நேரே போய் அவன் முன்னால் நின்றான். "கழட்டு மாமா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"கேப்டன் நீ. மொதல்ல நீதான் கழட்டியிருக்கணும்."

"மாட்டேன்."

நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, இடுக்கியோடு ஓடினேன். "டேய் அறிவுகெட்டவனே! அவன் தோள் எறங்கிப் போச்சுடா! கையைத் தூக்க முடியாம நிக்கிறான், அவன்கிட்டப் போய்க் கழட்டு கழட்டுங்கறியே!"

பாஸ்கல் முகம் வெளுத்தது. அவனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? வேலிக்குப் பின்னாலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஐயோ பாவம் என்று விட்டிருப்பார்கள், கைகூடத் தட்டியிருப்பார்கள். ஆனால் என் தம்பி இருக்கிறானே!

"அக்கா, நீ வாயை மூடு" என்றான். "கை நல்லா இருந்தாலும் கழட்ட மாட்டேன். எல்லாருக்கும் கேக்குதா? கை காரணம் இல்ல."

"அப்ப என்ன காரணம்?" என்றான் பாஸ்கல்.

"நீ நாலு வருஷமா இந்தப் பலகை மேல நிக்கிற. எனக்கு உன் முதுகு மட்டும்தான்டா தெரியும். இன்னிக்கு நான் எப்படி ஆடினேன், சொல்லு. என்னைக்காவது எப்படி ஆடினேன்னு சொல்லு. பாக்காதவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது."

"நான் பாட வைக்கறேன் மாமா. உனக்காகத்தான்..."

"அதை நான் கேக்கல. நான் ஆட்டத்தை நிறுத்தறதா இருந்தேன்; இப்ப நிறுத்தல. இன்னும் ஒரு வருஷம் ஆடறேன். அதுக்குள்ள ஒரே ஒரு மேட்ச், மொத நிமிஷத்துலேர்ந்து கடைசி நிமிஷம் வரைக்கும், திரும்பி நின்னு பாரு. பாத்துட்டு வந்து கேளு. அப்பக் கழட்டித் தரேன். இது சொன்ன சொல்லு."

சொல்லிவிட்டுக் குனிந்தான். புல்லில் கிடந்த சட்டைகளை நல்ல கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தோளில் போட்டுக்கொண்டான். சீழ்க்கையும் வசவும் பின்னால் வர, ஓடாமல், நிதானமாக நடந்து உள்ளே போனான். அந்தப் பிள்ளைகளைத் திரும்பப் போட வைத்துத்தான் வெளியே அனுப்பினானாம்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தலைக்கனம் பிடித்தவன் என்றார்கள். மேலே ஆட முடியாதவன் கீழே சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்றார்கள். பாதி அணி வேறு கிளப்புக்கு ஓடிவிட்டது. ஹைகோ பகலில் பெயிண்ட், மாலையில் பயிற்சி என்று இருந்தான். தோளுக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் டாக்டர். சீசன் முடியட்டும் என்றான். இடது கை காதுக்கு மேல் போகாது. ஆட்டம் முடிந்ததும் டிரெஸ்ஸிங் ரூமில் யாராவது ஒரு பையன்தான் சட்டையை உருவிவிட வேண்டும்.

புது சீசனின் முதல் மேட்ச். ஐந்தாம் பிரிவு. எதிரே ஏதோ கிராமத்து அணி. மன்னி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்; கேலரி கத்தியது. "நம்பர் நாலு! ஹைகோ...!"

ஒன்றுமில்லை. ஒரு சத்தமும் இல்லை. பாஸ்கல் மெகாபோனை இறக்கி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கேலரி முழுக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் அப்பா பேர் அது. அவன் பேரும் அதுதானே, பாவி!

அப்போது மைதானத்தின் நடுவிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"ஸ்கோருப்பா!"

அவனேதான். தன் பேரைத் தானே கத்திக்கொண்டான். எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். ரெஃப்ரி கூடச் சிரித்தார். மன்னி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஐந்தாம் நம்பருக்குப் போனார்.

அடுத்த மேட்சிலும் கேலரி வாயைத் திறக்கவில்லை, அவன் திறந்தான். அதற்கு அடுத்ததில் நானும் சேர்ந்துகொண்டேன், இடுக்கியைத் தூக்கிக்கொண்டு. பிறகு என் கடை வரிசையில் நிற்கிறவர்களையும் விடவில்லை. "கத்துறவங்களுக்குத்தான் சாசேஜ். கத்தாதவங்க வீட்டுல போய் ரொட்டி தின்னுங்க!" பயந்துகொண்டு நாலைந்து பேர் கத்தினார்கள். சாசேஜ்மேல் கடுகு விழுது ஊற்றும்போது ஒரு கிழவர், "எனக்கு இந்த அணியே பிடிக்காதும்மா" என்றார். அவரையும் கத்த வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய தலைவேதனை. வழக்கம்போல ஹைகோ மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். நான் மாட்டிறைச்சியைச் சுருட்டிக் கட்டி வேகவைத்து, உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸுமாக வைப்பேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தின்பார்கள், பேச மாட்டார்கள்.

"அம்மா, அவர்கிட்டக் குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"அக்கா, அவனுக்குக் கண்ணு முதுகுலதானே இருக்கு, திரும்பி உக்காந்தாத் தெரியும்னு சொல்லு."

"நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் எழுந்து போங்கடா!" என்று கத்துவேன். போக மாட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது.

சீசனின் கடைசி மேட்சுக்கு முந்தைய ஞாயிறு. ஹைகோ போன பிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த பாஸ்கலிடம் கேட்டுவிட்டேன். "ஏன்டா, பயமா? பாத்தா அவன் சொன்னது நிஜமாயிடும்னு பயமா?"

அவன் தட்டை வைத்தான். "எனக்குப் பாக்க ஆசை இல்லைன்னு நெனச்சியாம்மா? நான் திரும்பினா பின்னாடி ரெண்டாயிரம் பேரு பாட்டு நின்னுபோயிடும். அவங்க கண்ணுல நான் பாக்கறது மேட்ச் இல்லையா? மாமா விழுந்தப்ப எல்லாரும் முகத்தைச் சுளிச்சாங்க. யாரு, என்னன்னு எனக்குத் தெரியல. கோல் வாய்ப்புப் போச்சுன்னு நெனச்சேன்." திரும்பவும் தட்டை எடுத்துத் துடைத்தான்.

கடைசி நாள். ஹைகோவின் ஆட்டம் இன்றோடு முடிகிறது என்று ஊருக்கே தெரியும். மன்னி கூப்பிட்டார். "நம்பர் நாலு! ஹைகோ...!"

கேலரி கையைக் கட்டியது. நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். ஹைகோ என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையாட்டினான். அவனும் வாயைத் திறக்கவில்லை. நடுமைதானத்தில் நின்று பாஸ்கலின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றானோ, ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

மாமன் குரலும் வரவில்லை என்றதும் பாஸ்கல் மெகாபோனைப் பக்கத்துப் பையன் கையில் திணித்தான். பலகைமேலேயே திரும்பினான். வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இப்போது ஹைகோ பிரமாதமாக ஆடினான், இரண்டு கோல் போட்டான் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மோசமாக ஆடினான். அவனைவிடப் பதினைந்து வயது இளைய ஒருவன் அவனைத் தாண்டித் தாண்டிப் போனான். எங்களுக்கு எதிராக விழுந்த இரண்டாவது கோலுக்கு இவன்தான் காரணம். ஆனால் ஒவ்வொரு தடவையும் துரத்தினான். தோளில் இடி வாங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் நின்றான். முடியப் போகிற நேரத்தில், இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருக்கையில், முன்னேறி எதிரணியின் பெனால்ட்டி எல்லைக்குள் பந்தோடு நுழைந்தான். பின்னால் வந்தவன் முதுகில் கை வைத்துத் தள்ளினான். கேலரி முழுக்க "விழு! விழு!" என்று அலறியது. நானும் அலறினேன். இவன் தடுமாறினான், நின்றான், பந்தை விட்டான். விசில் ஊதிவிட்டார்கள்.

ஹைகோ நேரே வேலிக்கு வந்தான். பாஸ்கல் இறங்கவில்லை, மேலிருந்து அவனைப் பார்த்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி?"

"கேவலமா ஆடின மாமா. ரெண்டாவது கோல் உன் தப்பு. கடைசில விழுந்திருந்தா பெனால்ட்டி. தள்ளினான்ல? ஏன் விழல?"

"தள்ளினான். விழற அளவுக்குத் தள்ளல."

பாஸ்கல் தலையில் அடித்துக்கொண்டான்.

"சரி, கேளு" என்றான் ஹைகோ. "சட்டையைக் கேளு. சொன்ன சொல்லு. நான் மாற மாட்டேன்."

கேலரி காத்திருந்தது. என் அடுப்பில் என்னென்னவோ கருகியது. பாஸ்கல் பக்கத்துப் பையனிடமிருந்து மெகாபோனைப் பிடுங்கினான். எழுந்து நின்றான். எந்த வருஷமும் மன்னிக்கு வராத ஒரு குரல் அவனுக்கு வந்தது.

"நம்பர் நாலு! ஹைகோ...!"

"ஸ்கோருப்பா!"

கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒன்றாகக் கக்கினார்கள். என் மகன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றாமல் நின்றான். நான் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன்.

ஹைகோ காதில் கையை வைத்துக் குனிந்தான். வலது கையைத்தான். "சரியாக் கேக்கல. இன்னொரு தடவை."

கத்தினார்கள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவர்கள் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். திமிர் பிடித்தவன்.

அன்று டிரெஸ்ஸிங் ரூமில் அவன் சட்டையைக் கழட்டவில்லை. சேறும் வியர்வையுமாக அப்படியே காரில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தான். சோபாவில் உட்காராதே என்று விரட்டினேன். குளியலறைக்குள் போனான். பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்தான்.

"டேய் பாஸ்கல்."

"என்ன?"

"இங்க வா. கை வரமாட்டேங்குது."

பாஸ்கல் உள்ளே போனான். நான் கதவருகே நின்றேன். ஒரு கையால் மாமன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, மற்ற கையால் சட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுருட்டினான். தோள் இருந்த கோலத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தான். தலைவழியாக உருவி எடுத்ததும் ஹைகோ மூச்சு வாங்கினான்.

"கழட்டிட்டேல்ல. இப்பச் சந்தோஷமா?"

"வாயை மூடு மாமா" என்றான் பாஸ்கல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்தக் கையை நீட்டு, கழுவி விடறேன்."